செத்த பேட்டரியும் சாரும் நானும்

அந்தக் காரை நான் ஒரு நாளும் விரும்பியதில்லை. வாங்கும்போதே வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். ஈஜிபுராவில் நாங்கள் இருக்கும் தெருவில் எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். இந்த லட்சணத்தில் அவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று கேட்டேன். "உனக்கு என்ன தெரியும் வண்டியப் பத்தி?" என்றார் என் கணவர். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரம் கிடையாது.

போன வருஷத்திலிருந்து அந்த வண்டியை ஓட்டுவது நான்தான். ஆசைப்பட்டு அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு வலிப்பு வந்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகும் ஒரு தடவை வந்தது. நரம்பு டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்து முடித்துவிட்டு, "ஸ்டியரிங்கத் தொடவே கூடாது. நான் சொல்ற வரைக்கும் கூடாது. உங்களுக்கு மட்டும் ஆபத்துன்னா பரவால்ல, ரோட்டுல போறவங்களுக்கும் ஆபத்து" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் வைத்து என் கணவர் தன் பங்குக்கு ஓர் உத்தரவு போட்டார். "இது யாருக்கும் தெரியக் கூடாது. உங்க அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பில் எதைக் கேட்டிருந்தாலும் பண்ணியிருப்பேன்.

அந்தச் சத்தியத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இருபத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டிய மனிதர் திடீரென்று இடது பக்கம் உட்கார்ந்து போனால் ஊர் கேட்காதா? லிஃப்ட்டில் கேட்டார்கள், அவர் ஆபிஸில் கேட்டார்கள், கல்யாண வீடுகளில் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஒரே பதிலை வைத்திருந்தார். "மேடத்துக்கு டிரைவிங்ல ரொம்ப ஆசை. சாவியக் கொடுக்கவே மாட்டேங்கிறாங்க. நம்ம பேச்சு எங்க எடுபடுது?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்ட வேண்டும். புருஷனை இடது பக்கம் தள்ளிவிட்டுத் தான் ஓட்டிக்கொண்டு திரியும் பெண்பிள்ளை என்று எங்கள் அபார்ட்மெண்டில் எனக்குப் பெயர். எரிச்சலாக வரும். வாயைத் திறந்தால் சத்தியம்.

சரி, இடது பக்கம் உட்கார்ந்தவர் சும்மாவாவது வருவாரா என்றால், அது எங்கே! கிளட்ச்சில் கால் வைக்காதே என்பார். ஹாரன் அடி என்பார். அடித்தால் ஏன் அடிக்கிறாய் என்பார். எல்லாவற்றையும்விட அவர் விரோதம் வைத்திருந்தது அந்த வண்டியின் ஒரு வசதியோடு. சிக்னலில் நின்று நியூட்ரலில் போட்டால் இன்ஜின் தானாக அணையும். கிளட்ச்சை மிதித்தால் தானாக உயிர் வரும். பெட்ரோல் மிச்சமாம். அவர் ஓட்டிய காலத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதற்கான பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவார். எனக்கு அது பிடிக்கும். ட்ரினிட்டி சர்க்கிளில் நிற்கும் நேரமாவது ஒரு சத்தம் குறைகிறதே என்று விட்டுவிடுவேன். "அத ஆஃப் பண்ணு, அத ஆஃப் பண்ணு" என்று பக்கத்திலிருந்து ஒரே நச்சரிப்பு. ஒரு கட்டத்தில் சிக்னலில் இன்ஜின் அணைவது தானாகவே நின்றுபோனது. "பாத்தியா, தொல்லை விட்டுது" என்று குஷியானார். பேட்டரி பலவீனமானால் வண்டி தற்காப்புக்காக இன்ஜினை அணைக்காமல் வைத்துக்கொள்ளும் என்பது எனக்கும் அப்போது தெரியாது. வண்டி மாதக்கணக்கில் எங்களிடம் முறையிட்டிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சண்டையில் இருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலை வண்டி எழவில்லை. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், டேஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் மினுக்கிவிட்டு அணைந்தது. எனக்கு ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. அவர் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்தார். மண்டியா பக்கத்து மனிதர், நல்ல மாதிரி. தன் வண்டியைக் கொண்டுவந்து முட்ட நிறுத்தி, சிவப்பும் கறுப்புமாய் இரண்டு கேபிளை எடுத்து மாட்டினார். மாட்டிவிட்டு என் கணவரைப் பார்த்து, "சார், நீவு கூத்கொள்ளி" என்று டிரைவர் சீட்டைக் காட்டினார். நான் பக்கத்தில் கையில் சாவியோடு நிற்கிறேன். உட்கார வேண்டியது சாராம்.

சார் உட்கார்ந்தார். என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். இன்ஜின் ஒரு உறுமலோடு எழுந்தது. கேபிளைக் கழற்றியாயிற்று. இறங்குவார் என்று பார்த்தேன். சீட்டைப் பின்னால் தள்ளினார். கண்ணாடியைத் திருப்பித் தனக்குச் சரிசெய்தார். கீழ்வீட்டுக்காரர் வேறு, "ஒந்து ரவுண்டு ஹோகி பன்னி சார். அரை மணி ஓட்டினாத்தான் சார்ஜ் ஏறும்" என்று ஒரு சுற்று போய்வரும்படி எடுத்துக் கொடுத்தார். என் கணவர் கியரைப் போட்டார்.

நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். பானெட் என் வயிற்றில் இடிக்காத குறை.

"என்ன நிக்கிற? வழிய விடு."

"நான்தான் ஓட்டப் போறேன். எனக்கு நேரமாச்சு. இறங்குங்க."

"ஒரு ரவுண்டுதான்."

"ஒரு ரவுண்டும் வேணாம், அரை ரவுண்டும் வேணாம். இறங்குங்கன்னா இறங்குங்க."

கீழ்வீட்டுக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம் பயங்கர ஸ்ட்ரிக்ட் சார்" என்று சிரித்துச் சமாளித்தார். என் கணவர் முன்கண்ணாடி வழியாக என்னை முறைத்த முறைப்பில், ஒரு நொடி, இந்த ஆள் ஏற்றினாலும் ஏற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு இறங்கினார். கதவை அறைந்த சத்தம் பேஸ்மெண்ட் முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் செருப்பைக்கூட நான் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"அந்தாள் முன்னாடி என் மானத்த வாங்கிட்ட."

"போனா போகட்டும் உங்க மானம். ஈஜிபுரா சிக்னல்ல பிள்ளைங்க கூட்டமா கிராஸ் பண்ணும்போது உங்களுக்கு வந்துச்சுன்னா? அப்ப யாரு மானம் போகும்?"

"மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? எத்தன மாசமா வரல?"

"டாக்டர் சரின்னு சொன்னாரா?"

"டாக்டர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் எனக்கு நர்ஸு இல்ல."

நான் நர்ஸ் இல்லைதான். ஆனால் அவர் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்ற பயத்தில் சாவியை என் ஹாண்ட்பேக்கில் போட்டு, ஹாண்ட்பேக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். அந்த வாரம் முழுக்க அவர் கையில் சாவி போகாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. வண்டியோ ஒரு நாள் எழுந்தது, ஒரு நாள் முனகியது.

புது பேட்டரி போட்டாக வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்த பேட்டரி என்பதில்தான் குருக்ஷேத்திரம். அவர் ஆபிஸில் நாலு பேரைக் கேட்டுக்கொண்டு வந்தார். சாதா பேட்டரியே போதும், பெரிய ஆம்பியராகப் பார்த்துப் போட்டால் எல்லாம் ஓடும் என்று தீர்ப்பு. நான் டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள், படித்தால் புரியாதா எனக்கு? இன்ஜின் அணைந்து அணைந்து எழும் வண்டிக்குச் சாதா பேட்டரி தாங்காது. வண்டியோடு வந்த ரகத்தையே போட வேண்டும். எங்கள் வண்டிக்கு அது ஏஜிஎம் என்கிற ரகம். அதற்குள்ளே ஆசிட் தளும்பிக்கொண்டிருக்காது, கண்ணாடி நாரில் செய்த பாய் அதை உறிஞ்சி வைத்திருக்கும். சார்ஜ் கொஞ்சம் இறங்கிக் கொஞ்சம் ஏறுகிற பிழைப்பை அது தாங்கும். அளவு பேட்டரித் தட்டில் உட்கார வேண்டும், பிளஸ் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும், மாட்டி முடித்ததும் புது பேட்டரி வந்திருக்கிறது என்று வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வைத்துச் சொல்லவும் வேண்டும்.

"பேட்டரி வந்துருக்குன்னு வண்டிக்குச் சொல்லணுமா? பத்திரிகை வச்சு அழைக்கச் சொல்லு" என்றார்.

"நக்கல் வேணாம். புக்குல போட்டிருக்கு."

"புக்கு! அந்த பட்டன அமுக்கி வச்சா இன்ஜின் அணையவே அணையாது. அணையாத வண்டிக்கு எதுக்கு ஏஜிஎம்மு?"

"ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்ணும்போதும் அமுக்கணும். யாரு அமுக்கறது?"

"ஓட்டறவங்க அமுக்கணும்."

"யாரு ஓட்டறா?"

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்டின் டவுனில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனோம். ஓட்டியது நான். கடை இருக்கும் தெருவுக்குள் திரும்பும்முன் அவர், "இங்கயே நிறுத்து, நான் இறங்கி முன்னாடி போய்ப் பேசறேன்" என்றார். இடது பக்கத்திலிருந்து இறங்குவதைக் கடைக்காரர் பார்க்கக் கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். நான் இடம் தேடிப் பிடித்துக் கடை வாசலில் வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது, அவரும் கடைக்காரரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரருக்கு என் கணவர் வயதுதான் இருக்கும். குங்குமப் பொட்டு, காதில் ப்ளூடூத், வாய் நிறையச் சிரிப்பு. தமிழ்க்காரர். பானெட்டைத் தூக்கி, பேட்டரியில் ஒரு மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "முகிதோயித்து சார், கதை முடிஞ்சுது" என்றார்.

"ஏஜிஎம் இருக்கா?" என்று நான் கேட்டேன்.

அவர் என் கணவரிடம் பதில் சொன்னார். "சார், ஏஜிஎம் இப்ப ஸ்டாக் இல்ல, வேற கடையிலருந்து வரவழைக்கணும். விலையும் ஜாஸ்தி. ஆனா அது உங்களுக்குத் தேவையான்னு பாக்கணும் இல்லையா? சார் எப்படி ஓட்டுவீங்க? சிட்டிக்குள்ளயே வா, இல்ல ஊருக்கும் போவீங்களா?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். "ஊருக்கு மாசாமாசம் போவேன். வேலூரு. விடியறதுக்கு முன்னாடி எடுத்தா டிபனுக்கு அங்க இருப்பேன். ஒரே அழுத்து."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கூச்சமே இல்லை. ஒரு வருஷமாக ஹாரனைக்கூடத் தொடாத மனிதர், ஆம்பூர் தாண்டி ரோடு எப்படி வழுக்கிக்கொண்டு போகும் என்று கைகளால் காட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்புறம் என்ன சார்? ஹைவேல அப்படி மிதிச்சா சாதா பேட்டரியே ஃபுல் சார்ஜ்ல நிக்கும். இந்தச் சின்னச் சின்னதா ஓட்டறவங்களுக்குத்தான் ஏஜிஎம். சிக்னல் சிக்னலா நின்னு, நாலு தெரு தள்ளிப் போயிட்டு வந்து நிறுத்தறவங்களுக்கு."

"அப்படித்தான் ஓட்டறோம்" என்றேன். "தினமும் நான் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறேன். பக்கத்துலதான் ஸ்கூல். அவ்வளவுதான் ஓட்டம்."

"அது சரி மேடம். நீங்க மார்க்கெட்டு, ஸ்கூலுன்னு ஓட்டறதுல இறங்கறது, சார் ஊருக்குப் போயிட்டு வந்தா ஏறிடும்" என்று சிரித்தார். பிறகு என் கணவர் தோளைத் தட்டி, "சார் கையில இருந்த வரைக்கும் பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்கும். மேடம் கைக்குப் போச்சு, பேட்டரியும் போச்சு. இல்லையா சார்?" என்றார்.

என் கணவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் விட்டிருக்கலாம். எத்தனையோ சிரிப்பை விட்டிருக்கிறேன். அன்றைக்கு விடவில்லை. அவருடைய பொய்க்கு ஏற்ற சாதா பேட்டரி ஒன்று உள்ளேயிருந்து வரப் போகிறது. அதைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு மேம்பாலத்தின் நடுவே நிற்கப் போவது நான். அதோடு, இப்படி ஊரெல்லாம் ஓட்டுகிற மனிதராகச் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் அவர் அதை நம்பிக் கிளம்பியும் விடுவார்.

"என்னங்க," என்றேன், மிகவும் மெதுவாக. "போன மாசம் வேலூருக்கு எப்பப் போனீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. "போன மாசம்... ரெண்டாவது வாரம்."

"ரெண்டாவது வாரம் வண்டி சர்வீஸ்ல இருந்துச்சே?"

"அப்ப அதுக்கு முந்தின வாரம்."

"முந்தின வாரம் பேரண்ட்ஸ் மீட்டிங். வண்டி என்கூட இருந்துச்சு. அதுக்கு முந்தின மாசம் போனீங்களா? எந்த வழியா போனீங்க, ஓசூரா கோலாரா?"

"ஏய், சும்மா இரு."

"எந்த வழின்னாலும் டோல்ல பணம் பிடிச்ச மெசேஜ் என் போனுக்குத்தானே வரும்? வரலையே. பறந்து போனீங்களோ? சொல்லுங்க. இவர் பேட்டரி போடணும் இல்ல? எங்க போனீங்கன்னு தெரிஞ்சாத்தானே போடுவாரு?"

கடைக்காரருக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. "விடுங்க மேடம், வீட்டு விஷயம்..." என்று இழுத்தார். நான் விடவில்லை. நான் சத்தியத்தை மீறவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"எங்கயும் போகலடி!" என்று கத்தினார். தெருவில் போன ஒன்றிரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "எங்கயும் போகல. போதுமா? ஒரு வருஷமா வண்டியத் தொடல நானு. எனக்கு வலிப்புய்யா. வலிப்பு! ஓட்டினா எவனையாவது ஏத்திக் கொன்னுடுவேன்னு டாக்டரு தடை போட்டுருக்காரு. இதத்தானே என் வாயால சொல்ல வைக்கணும்னு பாத்த? சொல்லிட்டேன். வயிறு குளிர்ந்துச்சா?"

குளிரவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. பானெட் விளிம்பில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்தார். ஒரு எட்டில் என் கணவரிடம் வந்து அவர் வலது கையை விரித்து, அதற்குள் ஸ்பேனரை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "புடிங்க. இறுக்கிப் புடிச்சுக்கங்க. இரும்பு, ஒண்ணும் ஆகாது" என்றார். காலால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை அதில் அமுக்கி உட்கார வைத்தார். அவ்வளவு நேரமும் ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்துப் பேசிய மனிதரின் குரல் இப்போது காய்ச்சல்கார வீட்டில் பேசுகிற குரலாகிவிட்டது. 'சார்' என்ற வார்த்தையும் போய்விட்டது.

என் கணவருக்கு வலிப்பு ஒன்றும் வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, கையிலிருக்கும் இரும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் அவர் தலைக்கு மேலே என்னைக் கேட்டார். "அடிக்கடி வருதா மேடம் இவருக்கு? மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?"

"அவருக்கு ஒண்ணும் வரல. கோவம் வந்திருக்கு" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "கேக்கறத அவர்கிட்டயே கேளுங்க. வாய் இருக்கு, காது இருக்கு அவருக்கு."

"இல்ல மேடம், சும்மா கேட்டேன்..." என்றார். அவர் பார்வை அந்த ஸ்டூல் பக்கம் போகவே மறுத்தது. "வண்டிக்கு என்ன போடட்டும், சொல்லுங்க மேடம். நீங்க சொல்றதப் போட்டுர்றேன்."

ஒரு வாரமாக இதற்குத்தான் சண்டை போட்டேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. "அதையும் அவர்கிட்டயே கேளுங்க" என்றேன்.

கடைக்காரர் கேட்கவில்லை. துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"ஏஜிஎம் போடுப்பா" என்றார் என் கணவர், தலையைத் தூக்காமல். "எங்கருந்தாவது வரவழைச்சுப் போடு. வண்டி வேலூருக்கெல்லாம் போகாது. இவ ஸ்கூலுக்குப் போயிட்டு வரணும். அப்பப்ப என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான் ஓட்டம்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஸ்பேனரையும் கீழே வைக்கவில்லை.